சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கு சைனஸ் தொற்று வந்தால் ஆன்டிபயாடிக்கை ஏன் மூக்கு வழியாக உள்ளிழுக்கச் சொல்கிறார்கள்?

சைனஸ் என்பது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள். மருந்தை நுண்துளிப் புகையாக்கி நேராக அங்கே அனுப்புவதுதான் இந்தச் சிகிச்சை.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு மரபணு நோய். சிஎஃப்டிஆர் மரபணுவின் குறைபாட்டால் உப்பும் நீரும் செல்களைச் சரியாகக் கடப்பதில்லை. அதனால் சளி பசைபோல இறுகிவிடுகிறது. சைனஸில் தேங்கும் அந்தச் சளியில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறி, தங்களைச் சுற்றி ஒரு படலத்தையும் கட்டிக்கொள்கின்றன. விழுங்கும் மாத்திரை ரத்தம் வழியாக அந்தச் சளிக்குள் போதிய அளவு போய்ச் சேர்வது கடினம். இங்கிருந்து கிருமி நுரையீரலுக்கும் இறங்கலாம் என்பதால், இதை வெறும் மூக்கடைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

மருந்தைப் புகையாக்கும் சாதாரணக் கருவியான நெபுலைசர் போதாதா? குறுகிய வாயுள்ள காலி பாட்டிலின் குறுக்கே மின்விசிறிக் காற்று வீசினால், அது வாயை உரசிக்கொண்டு போய்விடும், உள்ளே நுழையாது. சைனஸின் வாசலும் அப்படித்தான். அதனால் சில நெபுலைசர்கள் புகையை அதிர்வோடு அனுப்பி உள்ளே தள்ளுகின்றன. ஒரு நாசியில் முனையை வைத்து மறு நாசியை அடைத்துக்கொள்ள வேண்டும். அண்ணத்தை உயர்த்தித் தொண்டை வழியையும் மூட வேண்டும். பழகச் சில நாள் ஆகும். டோப்ராமைசின், கோலிஸ்டின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இப்படித் தரப்படுகின்றன. முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது மிக முக்கியம், சளி மூடியிருந்தால் மருந்து எங்கே போய் ஒட்டும்?

நுரையீரலுக்காக வாய் வழியே இழுக்கும் ஆன்டிபயாடிக்கே சைனஸையும் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த மருந்து மூக்கைத் தொடாமலே கீழே போய்விடுகிறது.