லண்டனில் கால்பந்தும் ஹாக்கியும்: டிக்கெட் எங்கே வாங்குவது?

கேள்வி: அக்டோபர் கடைசியில் மனைவி, பத்து வயது மகனுடன் இரண்டு வாரம் லண்டன் போகிறோம். ஆர்சனல் ஆட்டம் ஒன்று, ஹாக்கி ஆட்டம் ஒன்று பார்க்க ஆசை. ஓர் இணையதளத்தில் ஆர்சனல் டிக்கெட் மூன்று மடங்கு விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

வாங்காதீர்கள். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கியவர் மீது வழக்கு வராது. ஆனால் அப்படி விற்கப்படுவது பெரும்பாலும் ஆர்சனல் கிளப்பின் உறுப்பினர் வேறொருவரின் டிக்கெட். கிளப் கண்டுபிடித்தால் ரத்து செய்துவிடும். வாசல் திறக்காதபோதுதான் விஷயமே உங்களுக்குத் தெரியவரும்.

நேர்வழி, கிளப்பின் சொந்த இணையதளம் மட்டுமே. ஆர்சனலின் சொந்த மைதானமான எமிரேட்ஸ் அரங்கில் 60,000 பேருக்கு மேல் உட்காரலாம் என்றாலும் ஆர்சனல் ஆண்கள் ஆட்டங்களுக்கு டிக்கெட் பொது விற்பனை வரை வருவது அபூர்வம். உறுப்பினராகிக் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். மூவருக்கும் தனித்தனி உறுப்பினர் கணக்கு தொடங்கி, மூன்றையும் இணைத்துவிட்டு, ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு மூலையில் இடம் விழும். குலுக்கலில் கிடைக்காவிட்டால், வர முடியாதவர்கள் திருப்பித் தரும் டிக்கெட்டுகளைக் கிளப்பே அதே தளத்தில் விற்கும். ஒற்றை இருக்கைகள் அடிக்கடி வரும். மூன்று சேர்ந்து வருவது கடினம்.

பலர் கோட்டைவிடுவது பணம் கட்டும் இடத்தில்தான். உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்பே இயக்கி வையுங்கள். லண்டன் போன பிறகு வாங்குவதானால், ஓடிபி வரும் இந்திய எண்ணுக்கு ரோமிங் வேண்டும். விற்பனை நேரம் பிரிட்டன் நேரத்தில் அறிவிக்கப்படும்: அங்கே காலை 10 என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது 3.30 ஆகிவிடும்.

ஆட்டத் தேதியையும் நம்பிவிடாதீர்கள். தொலைக்காட்சிக்காகச் சனிக்கிழமை ஆட்டம் வெள்ளி முதல் திங்கள் வரை எங்கு வேண்டுமானாலும் நகரும். ஒரே ஊரில் தங்கியிருப்பதால் உங்களுக்கு இது பெரிய சிக்கலில்லை. திரும்பும் விமானத்தை மட்டும் ஞாயிறு மாலைக்குப் போட வேண்டாம்.

சிறுவனுடன் போகும் உங்களுக்கு நான் மனதாரச் சொல்வது ஆர்சனல் பெண்கள் அணியின் ஆட்டத்தை. 2025இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற அணி அது. 2025-26 பருவத்தில் லீக்கின் சொந்த மண் ஆட்டங்கள் அனைத்தையும் எமிரேட்ஸுக்கே கொண்டுவந்தார்கள். அதே அரங்கம், விலை பல மடங்கு குறைவு, உறுப்பினராக வேண்டியதில்லை, மூன்று இருக்கையும் பக்கத்து பக்கத்தில் கிடைக்கும். ஆண்கள் ஆட்டம்தான் வேண்டுமென்றால் இன்னொரு லண்டன் கிளப்பான ஃபுல்ஹாமின் மைதானம் கிராவன் காட்டேஜையும் பாருங்கள். அங்கே 1905இல் கட்டிய ஜானி ஹெய்ன்ஸ் ஸ்டாண்ட் என்ற பார்வையாளர் பகுதியில் தூண்கள் மறைக்கும். 'பார்வை தடைபடும்' என்று குறித்த இருக்கையைத் தவிருங்கள்.

டிக்கெட் செல்பேசியில்தான் வரும். அறையில் இணையம் இருக்கும்போதே செல்பேசியின் வாலெட் செயலியில் இறக்கிவிடுங்கள். சார்ஜ் முழுதாக இருக்கட்டும். ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். எதிரணி ஜெர்சி போட்டுக்கொண்டு உள்ளூர் ரசிகர் பகுதியில் உட்கார்ந்தால் வெளியேற்றிவிடுவார்கள், சிறுவனாக இருந்தாலும்.

ஹாக்கி இதற்கு நேர்மாறு. 2018 பெண்கள் உலகக் கோப்பை நடந்த லீ வேலி மையம் ஸ்ட்ராட்போர்டு ஒலிம்பிக் பூங்காவில் இருக்கிறது. ஆனால் அங்கு நாடுகளின் அணிகள் மோதும் சர்வதேச புரோ லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் ஜூனில்தான். அக்டோபரில் எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் போகும் காலத்தில் இங்கிலாந்து கிளப் லீக் நடக்கும். சர்பிட்டன், ஹாம்ப்ஸ்டெட் அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர், விம்பிள்டன் போன்ற கிளப்புகள் வார இறுதிகளில் ஆடும். பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. மைதானத்துக்கு நேராகப் போய் எல்லைக் கோட்டின் பக்கத்தில் நின்று பார்க்கலாம். நேரமும் இடமும் இங்கிலாந்து ஹாக்கி அமைப்பின் தளத்தில் இருக்கும்; முந்தைய நாள் ஒருமுறை சரிபாருங்கள். ஒரே கிளப் வேறு வேறு மைதானங்களில் ஆடுவதுண்டு. மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கூரை இருக்காது.