மகள் கலைப்பள்ளியில் ஓவியம் படிக்க ஆசைப்படுகிறாள். என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 5ல் படிக்கிறாள். எந்நேரமும் படம் வரைந்துகொண்டே இருப்பாள், பெரும்பாலும் அனிமே முகங்கள். சிங்கப்பூர்க் கலைப் பள்ளியான சோட்டாவில் காட்சிக்கலை படிக்க வேண்டும் என்கிறாள். சேர்க்கைக்குக் காட்டும் படத்தொகுப்பைத் தயாரிக்க ஒரு தனியார் வகுப்பில் சேர்க்கச் சிலர் சொல்கிறார்கள், கட்டணம் அதிகம். அவள் அப்பாவோ, உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வே இல்லாத பள்ளியில் சேர்த்துவிட்டு நாளைக்கு மனம் மாறினால் என்ன செய்வது என்று தயங்குகிறார். என்ன செய்யலாம்?
ஈசூனிலிருந்து ஒரு தாய்

பதில்: அந்த வகுப்புக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரு வரைபுத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஏ4 அளவு, கொஞ்சம் தடித்த தாள், கூடவே 2பி, 4பி, 6பி பென்சில்கள். அடுத்த சில மாதங்களுக்கு அது போதும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொகுப்பு தயாரிக்கும் வகுப்புகளில் பலவும் பிள்ளையின் கையைவிட ஆசிரியரின் கையைத்தான் காட்டுகின்றன. கறுப்புக் கோடு போட்டு, எண்ணெய் வண்ணக்கட்டியால் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு வழவழப்பாகத் தேய்த்த சூரிய அஸ்தமனம், அதன் முன்னே ஒரு படகு. வண்ணம் தீட்டும் போட்டியில் இப்படிப்பட்ட படம் பரிசு வாங்கலாம். ஆனால் ஒரே மாதிரி படங்களை வரிசையாகப் பார்க்கும் தேர்வாளருக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. நேர்காணலில் "ஏன் இந்த வண்ணம்?" என்று கேட்டால் பிள்ளையும் திகைத்துப்போகும், ஏனென்றால் அதைத் தேர்ந்தெடுத்தது அது இல்லை.

சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008ல் தொடங்கிய சோட்டா, தொடக்கநிலை 6ன் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் எடுப்பதில்லை. திறனறியும் தேர்வுச் சுற்றுகள் உண்டு. காட்சிக்கலைக்கு, கொடுத்த நேரத்துக்குள் வரைவது, பயிலரங்கில் பொருள்களை வைத்துச் செய்து பார்ப்பது, நேர்காணல், பிள்ளையின் சொந்தப் படைப்புகள் என்று பல கோணங்களில் பார்ப்பார்கள். சுற்றுகளின் விவரமும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தொடக்கநிலை 6ன் ஆரம்ப மாதங்களிலேயே தயாராக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டுக் கடைசியிலேயே பள்ளியின் இணையத்தளத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுங்கள். அங்கே தேர்வானாலும் பிஎஸ்எல்இயில் அவர்கள் கேட்கும் தகுதியை எட்டியாக வேண்டும், கணக்கையும் அறிவியலையும் ஓரங்கட்ட முடியாது.

இனி வரைபுத்தகத்துக்கு வருவோம். அனிமேயைத் தடுக்காதீர்கள். ஒரு பிள்ளை மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைய வைக்கிற எதுவும் நல்லதுதான். ஆனால் அனிமே முகம் என்பது ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்த விடை. கண் இப்படி, மூக்கு ஒரு புள்ளி, முடி இப்படி என்று கை பழகிவிடுகிறது, கண்ணுக்கு வேலை இல்லாமல் போகிறது. அதனால் தினமும் அனிமேக்கு முன்னால் ஒரு பக்கம் நேரில் பார்த்து வரையட்டும். அடுப்படியில் இருக்கும் குக்கரை வரையச் சொல்லுங்கள். அதன் பளபளப்பில் ஜன்னலும் விளக்கும் உங்கள் கையும் வளைந்து தெரியும். எங்கே வெளிச்சம், எங்கே கறுப்பு என்று உற்றுப் பார்க்காமல் அதை வரையவே முடியாது. தூங்கும் தம்பியின் கால், கட்டிலில் குவிந்து கிடக்கும் துணி, வீவக அடுக்குமாடி புளோக்கின் நீண்ட நடைபாதை தூரப் போகப் போகக் குறுகுவது, எம்ஆர்டியில் கைப்பேசியைப் பார்த்தபடி குனிந்திருக்கும் ஆள் என்று வரைவதற்கு நிறைய இருக்கிறது. அந்த ஆள் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவார். பரவாயில்லை, அரை நிமிடத்தில் உடம்பின் வளைவை மட்டும் பிடித்தாலும் கண் நிறையக் கற்றுக்கொள்ளும்.

கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரையும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கேமரா ஒற்றைக் கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் தட்டையாக்கிக் கொடுத்துவிடுகிறது. எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்ற முடிவையும் அதுவே எடுத்துவிடுகிறது. அந்த முடிவை எடுக்கப் பழகத்தான் பிள்ளை வரைகிறது.

தப்பான கோட்டை அழிக்க வேண்டாம், பக்கத்தைக் கிழிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கட்டும். ஓரத்தில் அவளுக்குத் தோன்றுவதை எழுதட்டும், "கை பெரிசாப் போச்சு, நாளைக்கு மறுபடி" என்று ஒரு வரி இருந்தாலும் போதும். ஒரு பொருளில் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டால் அதையே ஐந்தாறு விதமாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: கரியில், கிழித்து ஒட்டிய காகிதத்தில், களிமண்ணில். பின்னால் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தத் தொடர்தான் மற்ற எதையும்விடப் பேசும். தேர்ந்தெடுப்பதை அவளே செய்யட்டும். உங்களுக்கு அழகாகத் தெரிவதை அவள் ஒதுக்கினால் ஏன் என்று மட்டும் கேளுங்கள். படைப்புகளைப் படமெடுப்பதாக இருந்தால் ஃப்ளாஷ் போடாமல், ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

அப்புறம், பார்ப்பது. 50 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். அதில் சியோங் சூ பியெங் 1978ல் வரைந்த, கருவாடு காயவைக்கும் பெண்களின் ஓவியம் இருக்கிறது. இவ்வளவு நீளமான கழுத்தும் கையும் உண்மையில் யாருக்காவது இருக்குமா, அவர் ஏன் அப்படி வரைந்தார் என்று இருவரும் பேசுங்கள். ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போனால் அயன் கடைத்தொகுதியின் முன்னால் குமாரி நாகப்பன் செய்த பெரிய ஜாதிக்காய்ச் சிற்பத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கடைவீதியில் ஜாதிக்காய்க்கு என்ன வேலை என்று அவள் கேட்பாள். 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரம் முழுக்க ஜாதிக்காய்த் தோட்டங்களாக இருந்தது என்று சொல்லுங்கள். ஒரு இடத்தின் பழைய கதையை ஒரு பொருளுக்குள் வைக்க முடியும் என்று அன்றைக்கு அவளுக்குப் புரியும். தேசியக் கலைக்கூடத்தின் பொதுக் காட்சிக்கூடங்களுக்குக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிக் களைக்காமல், ஒரு முறைக்கு இரண்டே ஓவியங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். நேர்காணல் ஆங்கிலத்தில்தானே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பார்த்ததைத் தனக்குள் சொல்லிப் பார்த்த பிள்ளைக்கு அதை எந்த மொழியிலும் சொல்ல வரும். மனப்பாடம் செய்த பதிலைத் தேர்வாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, அவள் அப்பாவின் தயக்கத்துக்கு வருகிறேன். அது நியாயமான தயக்கம். சோட்டா ஆறு ஆண்டுப் படிப்பு. நான்காம் ஆண்டு முடிவில் தேசியத் தேர்வு இல்லை, கடைசியில் ஐபி எனும் அனைத்துலகச் சான்றிதழோடு வெளியே வருவார்கள். நடுவில் விலகினால் கையில் சான்றிதழ் இருக்காது. சாதாரண உயர்நிலைப் பள்ளிக்கு மாறி, 2027 முதல் ஓ லெவலுக்குப் பதிலாக வரும் எஸ்இசி தேர்வுக்குத் தயாராக வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மாறினால் சமாளிக்கலாம், அதற்குப் பிறகு பாடத்திட்ட வேறுபாடு சிரமம் கொடுக்கும். அதனால் இரண்டாம் ஆண்டின் நடுவில் மூவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் "ஓவியம் படித்தால் வேறு எதற்கும் போக முடியாது" என்ற பயம் தேவையில்லை. ஐபி பட்டயத்தில் ஆறு பாடங்கள், அவற்றில் குறைந்தது மூன்றை 'உயர்நிலை' எனும் கூடுதல் ஆழமான மட்டத்தில் படிக்க வேண்டும். அறிவுக் கோட்பாடு, 4,000 சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரை, சமூகச் சேவை எல்லாம் சேர்ந்தது. பல்கலைக்கழகங்கள் அதை எல்லாத் துறைகளுக்கும் ஏற்கின்றன, அந்தந்தத் துறை கேட்கும் பாடங்கள் இருந்தால் போதும். மருத்துவம் என்றால் உயர்நிலையில் வேதியியல் வேண்டும். எனவே கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான பாடத் தேர்வின்போது கவனமாக இருங்கள். கலையிலேயே தொடர்வதாக இருந்தால் நன்யாங் நுண்கலைக் கழகமும் லசாலும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024லிருந்து இருக்கிறது, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கலை, வடிவமைப்புத் துறை இருக்கிறது.

எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயம் வேறு. "படம்தானே, எழுத்து வேலை இருக்காது" என்று எண்ணிப் போகும் பிள்ளைகள் அங்கே திணறுகிறார்கள். ஐபி காட்சிக்கலையில், 2027ல் முதன்முதலாகத் தேர்வுக்கு வரும் புதிய திட்டப்படி, அதை அந்த உயர்நிலை மட்டத்தில் எடுக்கும் மாணவரின் முடிந்த படைப்புகளுக்கு 30 விழுக்காடுதான். இன்னொரு 30 ஒரு தனிக் கலைத்திட்டத்துக்கு. மீதி 40 விழுக்காடு, அவர் எதைத் தேடினார், எதைச் சோதித்தார், எங்கே திசை மாறினார் என்று காட்டும் தேடல் தொகுப்புக்கு. படமும் எழுத்தும் கலந்து அதைக் கொடுக்க வேண்டும். இப்போது உங்கள் மகள் தேதி போட்டு, ஓரத்தில் ஒரு வரி எழுதி வைக்கும் வரைபுத்தகம் அதற்கான பழக்கம்தான். நாள் முழுக்கப் பாடம், அதன் பிறகும் கலைக்கூடத்தில் வேலை என்று போகும் வாழ்க்கை அவளுக்குப் பிடிக்குமா என்பதையும் அந்தப் புத்தகமே உங்களுக்குக் காட்டிவிடும். சில மாதம் கழித்தும் யாரும் சொல்லாமல் பக்கங்கள் நிறைந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். பாதியில் நின்றுபோனால் வற்புறுத்த வேண்டாம், அவள் வேறு விதத்தில் ஓவியத்தோடு இருக்கலாம்.

இடம் கிடைக்காவிட்டால்? கல்வி அமைச்சு 1984ல் தொடங்கிய கலை விருப்பப் பாடத் திட்டம் சில பள்ளிகளில் நடக்கிறது, ஹுவா சோங் கல்வி நிலையத்திலும் தேசியத் தொடக்கக்கல்லூரியிலும் உண்டு. சாதாரண உயர்நிலைப் பள்ளியில் கலையை ஒரு பாடமாக எடுத்து, பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்புப் படிக்கலாம். இவற்றை இரண்டாந்தரம் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பள்ளியின் பொது வரவேற்பு நாளன்று மூவரும் போங்கள். கட்டண உதவி, தமிழ் வகுப்பு பள்ளியிலேயே நடக்கிறதா அல்லது உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்திலா, வீடு திரும்ப எத்தனை மணி ஆகும் என்றெல்லாம் நீங்கள் இருவரும் கேளுங்கள். மகளை அங்கே இருக்கும் மூத்த மாணவர்களோடு பேச விடுங்கள். சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்து முடித்ததும், அவர்களின் வரைபுத்தகங்களைக் காட்ட முடியுமா என்று அவளே கேட்கட்டும்.