எஸ்பிஎஸ்எஸ் தரவை வேறு கொம்பியூட்டரில் ஸ்டேட்டாவுக்குக் கொண்டுபோக சிஎஸ்வி போதாதா?

போதாது. உங்கள் நிலைமை எனக்கு விளங்குகிறது. அலுவலகத்தில் எஸ்பிஎஸ்எஸ், வீட்டு லப்டொப்பில் ஸ்டேட்டா, இரண்டும் புள்ளிவிபரக் கணக்குப் பார்க்கும் மென்பொருள்கள், அறிக்கைக்கு நாளில்லை. "சிஎஸ்வி ஆக்கினால் எதிலும் திறக்கும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அதாவது தரவைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. திறக்கும்தான். எனக்கும் திறந்தது.

2012 இல் கிளிநொச்சியில் ஒரு திட்ட அலுவலகத்தில் தரவு உள்ளிடும் வேலை செய்தேன். மீள்குடியேறிய குடும்பங்களின் கணக்கெடுப்பு. ஆள் குறைந்த நாட்களில் என்னையும் படிவம் நிரப்பக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பம் என்றால் கணவரைப் பற்றி ஒரு கேள்வி: 1 வேறிடத்தில் இருக்கிறார், 2 இறந்துவிட்டார், 3 காணாமல் போனவர். ஒட்டுசுட்டானில் ஒரு அக்கா, என் பேனை 2 இற்குக் கிட்டப் போனதைக் கண்டதும் கையைப் பிடித்துவிட்டார். "செத்துப்போனார் எண்டு போடாதேங்கோ பிள்ளை. நான் அப்பிடிச் சொல்லேல்லையே." 3 இற்கு வட்டம் போட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை மட்டும் ஒவ்வொரு படிவத்திலும் இரண்டு தடவை பார்த்துத்தான் உள்ளிட்டேன்.

பகுப்பாய்வு செய்தவர் கொழும்பில், வேறு மென்பொருளில். சிஎஸ்வி கேட்டார், அனுப்பினேன். அதில் போவது வெறும் எண்கள். 2 என்றால் என்ன, 3 என்றால் என்ன என்று எஸ்பிஎஸ்எஸ்ஸில் எழுதிவைத்த லேபிள்கள் ஒன்றும் கூடப் போகாது. அவர் தன்னிடம் கிடந்த பழைய வரைவுப் படிவத்தைப் பார்த்து லேபிள் போட்டுக்கொண்டார். அந்த வரைவில் 2 உம் 3 உம் இடம் மாறி இருந்தன.

பிடிபட்டது வேறொரு பிழையால். பதில் சொல்லாதவர்களுக்கு 99 போட்டு, அதைக் கணக்கில் எடுக்காதே என்று எஸ்பிஎஸ்எஸ்ஸுக்குச் சொல்லிவைத்திருந்தோம். சிஎஸ்வியில் அது சாதாரண 99. ஒரு வீட்டுக்குச் சராசரி பதினொரு பிள்ளைகள் என்று வந்தது! எங்கள் அலுவலகச் சேர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அப்போதுதான் மற்ற அட்டவணைகளையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காணாமல் போனவர்கள் எல்லோரும் இறந்தவர்களாகக் கிடந்தார்கள்.

திருத்தினார்கள், அது உண்மை. பழி மட்டும் "டேட்டா என்ட்ரி பிழை" என்று என் தலையில் நின்றது. படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி தந்தவர்கள் அனுபவக் கடிதம் தரவில்லை. பிறகு ஒரு நேர்முகத்தில் இரண்டு வருட வேலையை "அது ப்ரொஜெக்ட் தானே" என்று தள்ளிவிட்டார்கள். வன்னியில் அந்த நேரம் ப்ரொஜெக்டை விட்டால் வேறு என்ன வேலை இருந்தது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சரி, அதை விடுங்கள்.

எஸ்பிஎஸ்எஸ்ஸில் சேவ் அஸ் போய் ஸ்டேட்டா வகையைத் தெரிவு செய்யுங்கள், லேபிள்களும் சேர்ந்து போகும். வீட்டில் இருப்பது ஸ்டேட்டா 13 அல்லது அதற்கு முந்தியது என்றால் 14 இன் கோப்பு திறக்காது, பழைய பதிப்பாகச் சேமியுங்கள். 16 இலிருந்து எஸ்பிஎஸ்எஸ் கோப்பை ஸ்டேட்டாவே நேராக வாசிக்கும். "ஆர் (R) என்ற மென்பொருள் இலவசமாக இருக்கிறதே" என்று வரப்போகிறவர்களே, தெரியும், அதுவும் வாசிக்கும், ஆனால் கேள்வி அதுவல்ல. சிஎஸ்வியில் எண்ணுக்குப் பதில் லேபிளையே எழுதும் தெரிவும் உண்டு. அப்படிச் செய்தால் எண் போய்விடும், ஸ்டேட்டாவில் எல்லாம் எழுத்தாக வந்து நிற்கும்.

ஊர்ப்பெயர்களைப் பாமினியில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். முதலே யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், சிஎஸ்வியை எக்செலில் திறந்து சேமிக்கவே வேண்டாம். 12 இலக்கப் புதிய அடையாள அட்டை எண்ணை அது சுருக்கிக் காட்டும், சேமித்தால் கடைசி இலக்கங்கள் போனதுதான்.

கொண்டுபோன பிறகு 99 எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து கேள்விகளுக்கு ஒவ்வொரு குறியீட்டிலும் எத்தனை பேர் என்று இரண்டு கொம்பியூட்டரிலும் எண்ணி ஒப்பிடுங்கள். கோப்போடு படிவத்தையும் அனுப்புங்கள், களத்துக்குப் போன கடைசிப் படிவம்தானா என்று பார்த்துவிட்டு.