60 சதவீத அடைப்பு: ஸ்டென்ட் வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு ஆஞ்சியோகிராமில் இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் எல்.ஏ.டி. குழாயில் 60 சதவீத அடைப்பு என்று வந்தது. எஃப்.எஃப்.ஆர். (அடைப்பின் இருபுற ரத்த அழுத்தத்தை ஒப்பிடும் சோதனை) பார்த்த பிறகு ஸ்டென்ட் பற்றி முடிவெடுக்கலாம் என்கிறார் டாக்டர். மருந்து ஏற்றாமல் செய்யும் ஐ.எஃப்.ஆர். சோதனை போதாதா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டாக்டர் சொன்னதே சரி. ஆஞ்சியோகிராம் குழாயின் நிழலைத்தான் காட்டும். அந்த 60 என்பது கண் மதிப்பு. அடைப்பைத் தாண்டி ரத்தம் போதுமான அளவு போகிறதா என்பது அதில் தெரியாது.

எஃப்.எஃப்.ஆரில், அழுத்தம் அளக்கும் மெல்லிய வயரை அடைப்புக்கு அப்பால் செலுத்துவார்கள். பிறகு ரத்தக்குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் வீதம் நரம்பில் ஏற்றுவார்கள். இதயத்தின் நுண்குழாய்கள் முழுதாக விரிந்ததும், அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்) அழுத்தத்தால் வகுப்பார்கள். மகாதமனியில் 90, அப்பால் 70 என்றால் 0.78. விடை 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஸ்டென்ட்டால் பயன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மேலே இருந்தால் பெரும்பாலும் மாத்திரைகளே போதும்.

அடினோசின் ஏறும்போது நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். நிறுத்திய ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும், அப்பாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். டீ, காபியை 24 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துவது முக்கியம். கஃபீன் அடினோசினைத் தடுக்கும். நுண்குழாய்கள் சரியாக விரியாமல் 0.78 வரவேண்டியது 0.83 என்று வந்துவிடலாம்.

ஐ.எஃப்.ஆர். இதயம் விரியும் நேரத்தின் ஒரு பகுதியில் மட்டும் அதே வயரால் அளப்பது. அடினோசின் தேவையில்லை, எல்லை 0.80க்குப் பதில் 0.89. 2017இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஓராண்டு முடிவில் இது எஃப்.எஃப்.ஆருக்குச் சளைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரண்டும் வேறு விடை தரும். அப்போது அறிகுறிகள், அடைப்பு இருக்கும் இடம், ட்ரெட்மில் சோதனை ஆகியவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த முறையானாலும், அளந்து முடித்து வயரைக் கதீட்டர் (வயர் உள்ளே செல்லும் மெல்லிய குழாய்) நுனிக்கு இழுத்தால் இரண்டு அழுத்தங்களும் சமமாக வர வேண்டும். விகிதம் 0.97க்குக் குறைந்தாலோ 1.03ஐத் தாண்டினாலோ மீண்டும் அளக்க வேண்டும். 0.79, 0.81 போன்ற விளிம்பு விடைகளில் இதைக் கட்டாயம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையோ தனியாரோ, கேத் லேப்பில் (ஆஞ்சியோகிராம் செய்யும் அறை) இந்த வயர் இருக்கிறதா என்றும் முன்பே விசாரியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஆஸ்துமா. அடினோசின் ஏற்றலாமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: தவிர்ப்பது நல்லது, மூச்சுக்குழாய் சுருங்கக்கூடும். இவருக்கு ஐ.எஃப்.ஆரே பொருத்தம். இன்ஹேலர் விவரத்தைச் சோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.