சட்டன் என்ற பெயர் இருந்தால் சட்டன் ஊர்க்காரரா?

கணவரின் குடும்பப் பெயர் சட்டன் என்பதால், இங்கிலாந்தில் சட்டன் என்ற ஊருக்குப் போனால் முன்னோரைக் கண்டுபிடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மாமியார் வீட்டுக் கூடத்தில் ஏதோ ஒரு மாளிகையின் படம் மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். என் சம்பந்தி வீட்டில் இருக்கிறது, அவர்களும் சட்டன்தான்.

அது டெர்பிஷயரில் உள்ள சட்டன் ஸ்கார்ஸ்டேல் மாளிகை. இன்று கூரை இல்லாத இடிபாடு. "எங்கள் பூர்விகம்" என்பார் சம்பந்தியம்மாள். 1720களில் அதைக் கட்டிய பிரபுவின் குடும்பப் பெயர் லீக், சட்டன் அல்ல. இதைச் சொன்ன அன்று எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை.

பழைய ஆங்கிலத்தில் சட்டன் என்றால் தெற்கே உள்ள பண்ணை, அவ்வளவுதான். வடக்கே இருந்தால் நார்ட்டன், மேற்கே இருந்தால் வெஸ்டன். டெர்பிஷயரிலேயே சட்டன் ஆன் த ஹில் என்று இன்னொன்று உண்டு. எல்லை தாண்டினால் நாட்டிங்காம்ஷயரில் சட்டன் இன் ஆஷ்ஃபீல்டு. அதைவிட முக்கியம்: ஊருக்குள் இருக்கும்வரை ஒருவனை யாரும் சட்டன்காரன் என்று அழைக்க மாட்டார்கள், அங்கே எல்லோரும் சட்டன்காரர்கள்தானே! வேறு ஊருக்குப் போய்க் குடியேறியவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். ஆகவே பெயரில் உள்ள ஊரை விடுங்கள், ஆள் இருந்த ஊரைத் தேடுங்கள். 1851 மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த ஊர் இருக்கும். 1841 கணக்கில், வசிக்கும் மாவட்டத்திலேயே பிறந்தவரா என்பது மட்டும்தான். அதற்கு முன்னால் போக தேவாலயப் பதிவேடுகள். 1538-ல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவால் தொடங்கியவை.

"வரலாற்றில் பட்டம் உண்டா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: இல்லை. நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. அந்தக் கணக்கே என் காலை வாரியது. மாட்லாக்கில் உள்ள ஆவணக் காப்பகத்தில் மருமகனின் முன்னோர் ஒருவரைப் பிடித்தேன். திருமணம் 1720 மே. மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1720 பிப்ரவரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மாள் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு காப்பகத்துப் பெண் சிரித்துக்கொண்டே விளக்கினார்: அந்தக் காலத்து இங்கிலாந்தில் மார்ச் 25-தான் ஆண்டுப் பிறப்பு. 1752-ல்தான் ஜனவரி 1-க்கு மாறியது. ஆக, மே மாதத்துக்குப் பின்னால் வந்த பிப்ரவரி அது. சரியாக ஒன்பது மாதம். நான் மன்னிப்புக் கேட்டேன். மாளிகைப் படத்தை அவர் துடைத்து மறுபடி மாட்டினார்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். முன்னூறு ஆண்டுப் பெயரை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் நாட்டில், விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட எனக்கு அனுமதி இல்லை. எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, முன்னால் இருப்பது ஊர், அடுத்தது அப்பா என்று மூன்று முறை சொன்னேன். அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். இப்போது கடிதங்கள் எல்லாம் திருமதி என்ற அடைமொழியோடு என் அப்பாவின் பெயருக்கு வருகின்றன. பேரனின் பேரன் நாளை அதை ஓர் ஊர் என்று நம்பி வரைபடத்தில் தேடுவான். அவனுக்காக ஒரு தாளில் விவரம் எழுதி, அந்த மாளிகைப் படத்தின் பின்னால் ஒட்டியிருக்கிறேன். சம்பந்தியம்மாளுக்குத் தெரியாது.