பச்சை ஆமை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். கல்லூரிப் பாடத்துக்காக விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு 24.04 லினக்ஸ் நிறுவப் பார்க்கிறேன். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்தும் இன்ஸ்டால் பாதியில் உறைந்துவிடுகிறது. ஐஎஸ்ஓ இன்ஸ்டால் ஃபைலை மூன்று முறை டவுன்லோட் செய்து பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: நான்காம் முறை டவுன்லோட் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 6 ஜிபி டேட்டா போகிறது. மூன்று பிரதியுமே பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

விர்ச்சுவல் மெஷின் (விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓடும்போது ஜன்னலின் கீழ்ப்பட்டையில் வலது ஓரத்தைக் கவனியுங்கள். பச்சை ஆமைப் படம் தெரிந்தால், பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிடித்துக்கொண்டது என்று பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் ஓட வேண்டும். வேகம் படுத்துவிடும், சிலசமயம் அப்படியே நின்றும் விடும்.

“நான் ஹைப்பர்-வி போடவே இல்லையே” என்று தோன்றும். விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டக்ரிட்டியும் ஹைப்பர்-விக்கு அடித்தளமான அதே ஹைப்பர்வைசரைத்தான் நம்பியிருக்கிறது. புது லேப்டாப்கள் பலவற்றில் அது ஆன் செய்தே வருகிறது. அதையும், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றையும் அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். மெமரி இன்டக்ரிட்டி ஒரு பாதுகாப்பு அரண். பாடம் முடிந்ததும் மறக்காமல் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். டாக்கரோ, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-ஓ பயன்படுத்துகிறீர்கள் என்றால் இவற்றை அணைத்ததும் அவை ஓடாது. லினக்ஸ் கட்டளைகள் பழகுவது மட்டுமே நோக்கம் என்றால், என்னைக் கேட்டால் டபிள்யூஎஸ்எல்லே போதும்.

ஆமை இல்லாமலும் உறைகிறதா? ரேமைப் பாருங்கள். தானாக வரும் 2 ஜிபி, உபுண்டு 24.04 டெஸ்க்டாப்புக்குப் பற்றாது. 4 ஜிபி கொடுத்து, இன்ஸ்டால் முடியும்வரை குரோமை மூடி வையுங்கள். பிராசசர் 2, வீடியோ மெமரி 128 எம்பி, டிஸ்க் குறைந்தது 25 ஜிபி.

மெஷினை உருவாக்கும்போது கேள்வி கேட்காமல் தானே நிறுவிக்கொள்ளும் அன்அட்டெண்டட் இன்ஸ்டாலைத் தவிர்ப்பது நல்லது. அந்த வழியில் போனால் உங்கள் பயனர் கணக்குக்கு சூடோ உரிமை (நிர்வாகி அதிகாரம்) இல்லாமல் போய்விடுவதுண்டு. பிறகு ஒரு மென்பொருள்கூட நிறுவ முடியாது.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் ஆனபின் மறுபடி இன்ஸ்டாலரே வந்தால் பதற வேண்டாம். ஸ்டோரேஜ் அமைப்பில் ஐஎஸ்ஓ இன்னும் மாட்டியிருக்கும். கழற்றிவிட்டு மெஷினை மறுபடி ஆன் செய்யுங்கள்.