ஆறு உருட்டில் ஆறு

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் கணக்குச் சொல்லித் தருகிறேன். பகடையை வைத்து, சுழற்சியைப் புரியவைக்கும் விளையாட்டு ஒன்றை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உருவாக்க ஆசை. ஆனால் பகடை என்றாலே வீடுகளில் சூதாட்டம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பகடையை வீச வேண்டாம், உருட்டுங்கள். வீசினால்தான் அதிர்ஷ்டம். கட்டத்துக்குக் கட்டம் விளிம்பில் சாய்த்து உருட்டினால், மேலே எது வரும் என்பது முழுக்கக் கணக்கு.

போன மாதம் கோபாலபுரத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் ஆடிப் பார்த்தோம். துணி சோப்பைக் கனசதுரமாக அறுத்து, தீக்குச்சியால் புள்ளி குத்தினோம். மேலே 1, வடக்கே 2, கிழக்கே 3. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7. தரையில் சாக்பீஸ் கட்டம். கிழக்கே ஒன்று, பிறகு வடக்கே ஒன்று உருட்டினால் மேலே 5. முதலில் வடக்கே, பிறகு கிழக்கே என்றால் 4. இரண்டு வழியிலும் போய்ச் சேர்கிற கட்டம் ஒன்றுதான்! அக்கா மகள் நம்பவில்லை. சோப்பு வழுக்கிவிட்டது என்று திரும்ப உருட்டினாள். மறுபடியும் 4.

நீளமான தாயக்கட்டையில் இது நடக்காது. அது ஒரே அச்சில் புரள்வதால் வரிசை மாறினாலும் முடிவு மாறாது. பகடை உருட்டைப் போலவே, பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறுகிற குவாட்டர்னியன் எண்களை 1843-ல் டப்ளினில் கணித அறிஞர் ஹாமில்டன் கண்டுபிடித்தார். இன்று கணினி விளையாட்டுகளில் உருவங்களைச் சுழற்ற அவை பயன்படுகின்றன.

சரி, விளையாட்டு இதுதான். ஒருவர் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். மற்றவர் பகடையை உருட்டிக்கொண்டு போய், புறப்பட்ட கட்டத்துக்கே அந்த எண் மேலே இருக்கும்படி கொண்டுவர வேண்டும். குறைந்த உருட்டில் வந்தவருக்கு வெற்றி. 2, 3, 4, 5 நான்கும் நாலே உருட்டில் வரும். 6 வராது. அதற்கு ஆறு உருட்டு வேண்டும்: கிழக்கே இரண்டு, வடக்கே ஒன்று, மேற்கே இரண்டு, தெற்கே ஒன்று. இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் திண்ணையில் அது கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று, அவ்வளவு நேரமும் ஒரு பிள்ளையும் எழுந்து போகவில்லை.

அப்புறம் ஒரு புதிர். மேலே 1 இருக்க, வடக்கே இருந்த 2 கிழக்கே வரும்படி வீடு, அதாவது புறப்பட்ட கட்டம், திரும்ப முடியுமா? முடியவே முடியாது. பகடை உட்காரும் விதம் மொத்தம் 24. அவை பன்னிரண்டு பன்னிரண்டாக இரு அணி. ஒவ்வோர் உருட்டிலும் அணி மாறும். வீடு திரும்ப எப்போதும் இரட்டைப்படை உருட்டுதான், ஆகவே பழைய அணிக்கே வந்து சேரும். நீங்கள் கேட்கும் நிலையோ மற்ற அணியில் இருக்கிறது.

சோப்பை முந்தின நாளே அறுத்துக் காய வையுங்கள். ஈரத்தில் விளிம்பு மழுங்கினால் பாதி உருட்டில் திரும்பிக்கொள்ளும்.